இருதயம் ஒன்று, மருந்துத் துண்டுகள் இரண்டு

இரத்த அழுத்தத்துக்கு ஒரு குளிசை; தாறுமாறாக அடித்துக்கொள்ளும் இருதயத்தை அடக்க ஒரு குளிசை. இரண்டும் நல்ல மருந்துகளே. தனித்தனியே உட்கொண்டால் உயிரைக் காப்பவை. ஆயினும் அவற்றுள் சில ஒரே வயிற்றில் சேரும்போது ஆளையே சாய்த்துவிடக்கூடும் என்பதை நம் மலையகத்து அன்பர்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதைப் பற்றி இவ்வாரம் சிறிது விரிவாகவே பேச விரும்புகிறோம்.

ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு 2017ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய கட்டடம் கிடைத்தது. அங்கே கிளினிக்குக்குச் செல்வோர் மாத மருந்தை வாங்கி வருகின்றனர். இடையில் படபடப்போ தலைச்சுற்றோ வந்தால் என்ன செய்வது? பகலில் போனால் அன்றைய பேர் போய்விடும். ஆகவே மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நகரத்துத் தனியார் வைத்தியரிடம் ஓடுகின்றனர். அவர் இன்னொரு துண்டு எழுதித் தருகிறார். கிளினிக் கொப்பியோ லயத்தில் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. சில வீடுகளில், கொழும்பில் வேலை செய்யும் மகன் அழைத்துப் போய்க் காட்டிய நிபுணரின் துண்டும் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்ளும். எழுதியவர் எவரும் குற்றவாளி அல்லர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை என்பதே தொல்லை.

இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்னோட்டம் கீழறைக்கு இறங்கும் வழியில் ஒரு சிறு வாயில் இருக்கிறது. ஹட்டன் புகையிரத நிலையத்தில் கைகாட்டி இறங்கும் வரை வண்டி காத்து நிற்பதுபோல, ஒவ்வொரு துடிப்பும் அங்கே கணநேரம் தயங்கியே கீழே செல்கிறது. அட்டெனலோல், பிசோப்ரொலோல் முதலிய மருந்துகள் இத்தயக்கத்தை நீட்டுகின்றன. வெராபமில், டில்டியாசெம் என்பவையும் வேறொரு வழியாக அதே காரியத்தைச் செய்கின்றன. முதல் துண்டில் ஒன்றும் இரண்டாம் துண்டில் மற்றதும் இருந்துவிட்டால் கைகாட்டி இறங்காமலே நின்றுவிடலாம். நாடி நாற்பதுக்குக் கீழே விழும். அழுத்தமும் கூடவே சரியும். மலைச் சரிவில் கூடையோடு நிற்பவள் மயங்கி விழுவாள்.

இம்மருந்துகள் நான்கும் அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுகின்றன, துடிப்புக்கும் கொடுக்கப்படுகின்றன. ‘பிரஷர் குளிசை’, ‘இருதயக் குளிசை’ என்று பெயர் வைத்துப் பிரிப்பவர்கள் நாமே. உடல் அப்படிப் பிரிப்பதில்லை. அதற்காக எல்லாக் குளிசைகளையும் கண்டு அஞ்சவும் வேண்டாம். வெராபமிலுக்கு உறவான அம்லோடிபின் இந்த வாயிலில் பெரிதும் கை வைப்பதில்லை. அதை பிசோப்ரொலோலுடன் சேர்த்து வைத்தியர்கள் தெரிந்தே கொடுப்பதுண்டு.

அடுத்தது டிஜொக்சின். 1785ஆம் ஆண்டில் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் டிஜிட்டாலிஸ் என்னும் பூஞ்செடியைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். கிராமத்து மூதாட்டி ஒருத்தி வீக்கத்துக்குக் கொடுத்து வந்த இரகசியக் கஷாயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்தது இந்த ஒன்றே என அவர் கண்டார். டிஜொக்சின் அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்ததே. நெருக்கமான லய வாழ்க்கையில் சிறு வயதில் வரும் தொண்டை நோய், வாதக் காய்ச்சலாக மாறி இருதய வால்வுகளைக் கெடுத்துவிடுவதுண்டு. அப்படிக் கெட்டவர்களுக்குத் துடிப்பு தாறுமாறானால் இன்றும் இது கைகொடுக்கிறது.

ஆனால் குணம் செய்யும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இதில் இடைவெளி மிகக் குறைவு. வெராபமிலும், துடிப்பை அடக்கும் அமியோடரோனும், இரத்தத்தில் டிஜொக்சினின் அளவை ஏற்றிவிடும். அமியோடரோன் தொடங்கும்போது டிஜொக்சினைப் பாதியாகக் குறைப்பது வைத்தியர் வழக்கம். அழுத்தத்துக்காகத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட், வீக்கத்துக்காகத் தரும் புரூசமைட் ஆகிய நீர்க் குளிசைகள் சிறுநீரோடு பொட்டாசியம் என்னும் உப்பையும் வெளியேற்றிவிடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிஜொக்சினே நஞ்சாகும். சோறு பிடிக்காமை, குமட்டல், வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தோன்றுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இதைப் பித்தம் என்று எண்ணி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. இருமலுக்கு அதிமதுரக் கஷாயத்தை நாட்கணக்கில் குடிப்பதும் ஆகாது. அதுவும் பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும்.

மலையில் ஒதுங்க மறைவிடம் இல்லாமையால், வேலை நாளில் நீர்க் குளிசையை விட்டுவிட்டு ஞாயிறன்று இரண்டாக விழுங்கும் பெண்களும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், கொழுந்து மலையில் ஒரு கழிப்பறை கட்டாதவர்களை நாம் கேட்க வேண்டும். நீர்க் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று வைத்தியரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும்.

இது கல்வியறிவு குறைந்தோருக்கு மட்டும் நேரும் இடர் என்று எவரும் எண்ண வேண்டாம். மைபெஃப்ராடில் என்ற அழுத்த மருந்து 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிற மருந்துகளோடு அது கொண்ட பகை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படவே, 1998 ஜூனில் உலகச் சந்தையிலிருந்தே மீட்கப்பட்டது.

பெயர்க் குழப்பம் வேறு. ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால் வழங்க வேண்டுமென்று பாடுபட்டார். அவர் பட்ட பாட்டின் அருமை, அட்டெனலோலை இரண்டு பெயர்களில் வாங்கி இரண்டையும் விழுங்குபவரைக் காணும்போது விளங்கும்.

ஆகவே கிளினிக்குக்கானாலும் தனியாரிடமானாலும், கொப்பியோடு வீட்டிலுள்ள குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். முதுகுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபெனாக்கும் அதில் இருக்கட்டும். அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தளர்த்தும். டிஜொக்சின் உடலை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். அறுபதுக்குக் கீழே போனால் அடுத்த வேளைக் குளிசைக்கு முன் வைத்தியரைக் கேட்டுவிடுங்கள். கண் இருண்டாலோ மயங்கி விழுந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு அச்சத்தால் எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அட்டெனலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பிவரும், நெஞ்சுவலியும் வரலாம். குளிசை தீர்ந்துபோய்ப் பெயரும் மறந்துபோனால், வெறும் தகட்டையாவது எடுத்துச் சென்று காட்டுங்கள்.