கடல் தெரியும் அறை எதற்கு?

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று முடிவானவுடன் எங்கே தங்குவது என்ற கேள்வி எழுகிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தயாரிப்பதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கைந்து நாள் தங்கி, காலையில் புறப்பட்டு இரவில் திரும்பி வருவதற்கேற்ற ஓர் ஊரைத் தெரிவு செய்வதில் நாம் காட்டும் அக்கறை மிகக் குறைவு. வாடகை, குளியலறை, கடலைப் பார்த்த சன்னல் ஆகியவற்றைக் கொண்டு முதலில் அறையைத் தேர்கிறோம். அந்த அறை எந்த ஊரில் இருக்கிறதோ, அதுவே தங்கும் ஊராகிவிடுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது நம் கருத்து. ஊரை முதலில் தேர்வோம். அறை பிறகு கிடைக்கும்.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு கரையை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. பூம்புகார் முதல் கோடியக்கரை வரையிலான சோழநாட்டுக் கடற்கரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம் உடையது. வடக்கிலிருந்து வந்தால் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம், கோடியக்கரை என்று ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இலக்கிய வாசகர்கள் பலருக்கு இந்தப் பெயர்கள் ஏட்டளவில் பழக்கமானவை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியின் போக்கிலேயே சென்று எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யைப் படித்துவிட்டுப் பூம்புகார் வரை போய்வந்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆற்றைப் பார்க்க வந்தவர்கள். ஆறு முடியுமிடத்தில் கடலை அரைமணி நேரம் பார்த்துவிட்டு மாலைக்குள் மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ திரும்பிவிடுகிறார்கள். தஞ்சை மண்ணைப் பற்றிய நம் வாசக மனச்சித்திரத்தில் ஆறும் அக்கிரகாரமும் வயலும் இருக்கும் அளவுக்குக் கடல் இல்லை. தங்குமிடம் உள்நாட்டில் அமைவதும் இதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இந்தக் கரையில் தங்குவதற்கு ஐந்து ஊர்களைப் பரிசீலிக்கலாம்.

மயிலாடுதுறை வசதியான ஊர். இரயில் சந்திப்பு உண்டு, நல்ல சாப்பாடு கிடைக்கும், பேருந்துக்குக் குறைவில்லை. எனினும் கடல் அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு நாளும் கடலுக்குப் ‘போய்வர’ வேண்டியிருக்கும்.

தரங்கம்பாடி அழகான ஊர் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் நினைவுகள், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய பெருமை, கடல் பாதி கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் சில தெருக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு பகல் முழுக்க நடந்து பார்க்கத் தக்க ஊர். ஆனால் தங்கும் அறைகள் சொற்பம்; அவற்றில் சில நம் போன்றோர் கைக்கு எட்டாதவை. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தோசைக்கு அலைய நேரிடலாம்.

காரைக்காலில் அறைகள் உண்டு, அகலமான தெருக்கள் உண்டு, அம்மையார் கோயில் உண்டு. ஆனியில் மாங்கனித் திருவிழாவின்போது போனால் வேறெங்கும் காணாததைக் காணலாம். புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஊராதலால் மதுவை முன்னிட்டு வந்து தங்குவோரும் நிறைய. வார இறுதியில் குடும்பத்தோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்வது நல்லது.

வேளாங்கண்ணியில் அறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் காலம், இலட்சக்கணக்கானோர் திரள்வர். மற்ற நாட்களிலும் அந்த ஊரின் கடைத்தெருவும் உணவகங்களும் வந்துபோகிறவர்களை நம்பியே நடக்கின்றன. யாத்திரிகராகப் போவோருக்கு அதில் குறையொன்றும் இல்லை. கடற்கரை ஊர் ஒன்றின் அன்றாடத்தை அறிய விரும்புவோருக்கு அது போதாது.

மிஞ்சுவது நாகப்பட்டினம். நம் பரிந்துரையும் அதுவே.

இதைக் கேட்டால் பலரும் வியப்படைவர். நாகையில் என்ன இருக்கிறது? பேருந்து நிலையம், ஆட்சியர் அலுவலகம், மீன் வாடை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துக் கடந்துபோகும் ஊரல்லவா அது? கேள்வி நியாயமானதே. அந்த மீன் வாடையைத்தான் நாம் முதன்மையான தகுதியாகச் சொல்ல வருகிறோம். சுற்றுலாப் பயணி ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் நாகை நடந்துகொண்டுதானிருக்கும். அங்கே உணவகம் நடத்துபவர் நமக்காக அடுப்பு மூட்டுவதில்லை. கடலுக்குப் போய்த் திரும்புபவருக்கும், அலுவலகம் செல்பவருக்கும், கல்லூரி மாணவருக்கும் மூட்டிய அடுப்பில் நமக்கும் இரண்டு இட்லி கிடைக்கிறது. விலையும் அதற்கேற்றபடியே இருக்கிறது.

நெய்தல் திணைக்குரிய சிறுபொழுதாக இலக்கண நூலார் எற்பாட்டைச் சொன்னார்கள். பொழுது சாயும் வேளை என்பது பெருவழக்கான பொருள். ஞாயிறு எழும் வேளை என்று கொண்டவரும் உளர். வகுப்பறையில் இந்த விவாதம் முடிவதில்லை. கீழைக் கடற்கரையில் தங்கிப் பார்த்தால் இரண்டுமே பொருந்துவதை உணரலாம். விடியலில் கடலின் விளிம்பில் வெளிச்சம் தோன்றும்போது படகுகள் கரை சேர்கின்றன. மாலையில் ஞாயிறு நம் முதுகுப் பக்கம் நிலத்தில் இறங்க, கடல் மட்டும் மெல்ல நிறம் மாறுகிறது. இடைப்பட்ட பகல் முழுவதும் வெயில்; மணலில் கால் வைக்க முடியாது. பகல் 11 மணிக்கு வண்டியில் வந்திறங்கி 3 மணிக்குக் கிளம்புகிறவருக்கு வாய்ப்பது இந்த வெயில்தான். கடலுக்குரிய இரு பொழுதுகளும் அதே ஊரில் உறங்கி எழுகிறவருக்கே வசப்படும்.

கடுவையாறு கடலோடு சேரும் இடத்தில் நாகையின் மீன்பிடித் துறைமுகம் அமைந்திருக்கிறது. விடியற்காலையில் அங்கே மீன் இறங்குவதையும், கூடைகள் ஏலம் போவதையும், ஏலத்தொகை விரல்களிலும் பாதிச் சொற்களிலுமாக முடிவதையும் ஓரமாக நின்று பார்க்கலாம். அது அவர்களுடைய வேலை நேரம் என்ற நினைவு இருந்தால் போதும். கேட்காமல் படமெடுப்பதைத் தவிர்க்கலாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் காற்றுப் பெயர்கள் அகராதியிலிருந்து இறங்கி அன்றாடப் பேச்சில் வழங்குவதைக் கேட்கும்போது, தமிழ் படித்தவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பயணத்துக்கும் நாகையின் அமைப்பு உகந்தது. வடக்கே ஏழு கிலோமீட்டருக்குள் நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய 131 அடி உயர மனோராவைப் பார்த்துவிட்டு, அந்தத் தெருக்களிலேயே இறால் வைத்துச் சுட்ட வாடாவைத் தின்று திரும்பலாம். அதே சாலையில் இன்னும் மேலே போனால் காரைக்காலும் தரங்கம்பாடியும். ஒரு முழுநாள் ஒதுக்கினால் பூம்புகாரும். தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. அதற்கும் தெற்கே, 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரணியம். இன்றும் உப்பளங்கள் வெண்மையாக விரிந்து கிடக்கின்றன. அப்பால் கோடியக்கரையில் வெளிமான்களும், பருவத்தில் பூநாரைகளும். மேற்கே சிக்கலும் திருவாரூரும். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் இந்த உள்நாட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. ‘குருதிப்புனல்’ படித்துவிட்டு வாதாடியவர்கள் அரைநாள் அங்கே போய் நினைவிடத்தின் முன் நின்று வரலாம்.

‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாகையில் சூடாமணி விகாரத்தைத் தேடினால் கிடைக்காது. ஸ்ரீவிஜய மன்னர் கட்டி, முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தை வழங்கிய அந்தப் பௌத்தப் பெரும்பள்ளி இருந்த ஊரில் கடைசியாக எஞ்சி நின்ற பழங்கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது. இங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம். எனினும், கடல் கடந்து வந்தவர்களை ஏற்றுப் பழகிய ஊர் என்பது இன்றும் தெரிகிறது. காயாரோகணர் கோயிலும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த ஊர் 1781-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பலில் ஏறிச் சென்றவர்களின் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினார்கள்.

இனி, கடல் தெரியும் அறையைப் பற்றி. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழகத்திலேயே மிகுதியான உயிரிழப்பைச் சந்தித்தது அன்றைய நாகை மாவட்டம். 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தை அடுத்த அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் சிதைந்தன. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரும் திரும்பவில்லை. அதன்பின் 2005-இல் அரசு வகுத்த மறுவாழ்வுத் திட்டத்தில், மீனவர்களுக்கான புதிய வீடுகள் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் கட்டித் தரப்பட்டன. பாதுகாப்பு கருதிய ஏற்பாடுதான். ஆனால் படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் தொலைவு சிறிதன்று. தொழில் செய்கிறவர் பின்னே சென்று குடியிருக்க, வேடிக்கை பார்க்கப் போகும் நாம் அலைக்கு மிக அருகே உள்ள அறைக்கு மிகுதியான பணம் கொடுப்பது எவ்வகையில் முறையாகும்? நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் வரை அத்தகைய அறைகளைக் கட்ட ஆளிருக்கும். மணற்குன்றுக்கும் படகு ஏற்றும் இடத்துக்கும் வேலி போடவும் ஆளிருக்கும். எங்கே தங்குகிறோம் என்பதை வெறும் சொந்த விருப்பம் என்று நாம் கருதாததற்கு இதுவே காரணம்.

ஆகவே கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி, ஊருக்குள் தங்குவோம். விடியலில் எழுந்து நடந்து போவோம். அலை தெரியும் சன்னலைவிட அந்தக் கால் மணி நடையில் ஊர் நன்றாகத் தெரியும்.

நாகைக்குக் குறைகள் இல்லாமலில்லை. உயர்தர விடுதிகளை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். கடற்கரை குளிப்பதற்கு ஏற்றதன்று. நீரோட்டம் அறியாதவர்கள் கணுக்காலளவோடு நின்றுகொள்வது நலம். குழந்தைகளுக்கான கேளிக்கைகள் சொற்பம். காலமும் அறிந்து செல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தது நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், துறை ஓய்ந்திருக்கும், மீன் விலை ஏறியிருக்கும். கோடை விடுமுறையில் மட்டுமே போக இயன்றவர்கள் வலை பின்னுவதையும் படகுக்கு வண்ணம் பூசுவதையும் பார்த்து வரலாம். அதுவும் அந்த வாழ்க்கையின் பகுதியே. மற்றவர்கள் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ செல்வது உத்தமம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுமை கொள்ளாது, கோடியக்கரையில் பறவைகள் இருக்கும்.

இங்கே நாகையை வைத்துச் சொன்னதை மற்றக் கரைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். தூத்துக்குடிப் பக்கம் செல்வோரும் குமரிப் பக்கம் செல்வோரும் அறைக்குப் பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை விசாரிப்பது நல்லது. அந்த ஊர் வருவோரை நம்பாமல் தன் தொழிலால் வாழ்கிறதா? இரு திசையிலும் பேருந்து உண்டா? விடியலில் மீன் இறங்கும் துறைக்கு நடந்தே போய்ச் சேர முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைத்தால், அறையின் சன்னல் எந்தப் பக்கம் திறந்தாலும் பாதகமில்லை.