வானலையில் ஆக்கிரமிப்பு!

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 2. அமெரிக்காவின் டாலஸ் நகர விமான நிலையத்தில் இறங்க வந்தது ஒரு விமானம். எதிரே இடிமழை. மேகத்திலிருந்து செங்குத்தாகக் கொட்டிய காற்று, தரையிலே மோதி நாற்புறமும் சிதறிற்று. முதலில் எதிர்க்காற்று தூக்கிற்று, மறுகணமே பின்காற்று தாக்கிற்று, விழுந்தது விமானம். மாண்டோர் 137 பேர். அவர்களிலே ஒருவர், விமானத்திலே ஏறாதவர்; பக்கத்துச் சாலையிலே தம் காரில் போய்க்கொண்டிருந்தவர்! 1982இல் நியூ ஆர்லியன்ஸ் அருகிலும் இத்தகைய காற்றே 153 உயிர்களைக் குடித்தது.

கண்ணுக்குத் தெரியாத காற்று, தோழர்களே! ராடாருக்குத் தெரியும். ஆகவே, பெரிய விமான நிலையங்களுக்கருகே இதற்கென்றே 45 ராடார்களை நிறுவியது அமெரிக்க அரசு, மக்களின் வரிப்பணத்திலே! ராடார் அலையை வீசும், வாய்மூடிக் காத்திருக்கும். மழைத்துளியிலே பட்டுத் திரும்பும் எதிரொலி, கிணற்றடியிலிருந்து எழும் முணுமுணுப்புப்போல் மெல்லியது. அதைக் கேட்டுத்தான் காற்றின் போக்கைக் கணிக்கிறது. அது வேலை செய்யும் இடம் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ்வரை.

அங்கேதான் வந்து சேர்ந்தது கம்பியில்லா இணையம். 2003இல் உலக நாடுகள் கூடி இசைவளித்தன, நிபந்தனையோடு. ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேள்; ராடார் இருந்தால் அங்கே பேசாதே; பேசும்போது குறுக்கிட்டால் பத்து விநாடிக்குள் விலகிப்போ. இது அமெரிக்க விதி. சத்திரத்திலே முன்னே வந்தவன் உறங்குகிறான், பின்னே வந்தவனே, ஓசைப்படாமல் ஓரமாய்ப் படு என்பதுபோல. நல்ல ஏற்பாடுதான்!

நடந்ததென்ன? 2009இல், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோத் தீவிலே, சான் ஜுவான் ராடாரின் பார்வையிலே குறுக்கீடு! அதிகாரிகள் திசைகாட்டும் கருவியோடு தேடிப் போனார்கள். கோபுரங்களிலும் கட்டட உச்சிகளிலும் இணைய நிறுவனங்களின் கருவிகள் சிக்கின. சிலவற்றிலே, காதுகொடுத்துக் கேட்கும் அந்த ஏற்பாடே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது! ஏன்? விலகினால் இணைப்பு அறும். அறுந்தால் வாடிக்கையாளர் வைவார். வைதால் வரும்படி குறையும்! அமைப்புப் பட்டியலிலே வேறொரு நாட்டின் பெயரைத் தொட்டால் போதும், சில கருவிகளுக்கு அமெரிக்கச் சட்டமே மறந்துபோகும். எவ்வளவு எளிது, பார்த்தீர்களா!

மலையோரத்திலே இணையம் கேட்கும் ஏழையை நான் குறைகூறவில்லை. பெருமுதலாளி கம்பி இழுக்க மறுத்த ஊருக்கு இந்தச் சிறு நிறுவனங்களே போகின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்றலை எவன் அப்பன் வீட்டுச் சொத்து? ஒரு வாட்டு ஆற்றல்கொண்ட சிறு பெட்டி, விமானிக்கு வரவேண்டிய எச்சரிக்கையை மூழ்கடிக்கலாமா? பிற அலைவரிசைகள் இல்லையா? இருக்கின்றன! நெரிசல் அதிகம், ஆதாயம் குறைவு, அவ்வளவே.

தண்டனை? 2010இலிருந்து எச்சரிக்கை, சுற்றறிக்கை, அபராதம். 2020இலே, அதே சான் ஜுவான் ராடாருக்கு இடையூறு செய்ததாக மூன்று நிறுவனங்களுக்கு மீண்டும் அபராத அறிவிப்பு: தலைக்கு 25,000 டாலர். டாலசிலே மாண்டவர் எண்ணிக்கையால் அதை வகுத்தால், ஓர் உயிருக்கு 182 டாலர் தேறும்.