‘நேரலை’ எத்தனை வினாடி பழையது?



கிரிக்கெட் நடக்கும் நாளில் எங்கள் தா.பழூர் கடைத்தெருவில் சற்று நின்று பாருங்கள். ஒரு கடையில் “அவுட்!” என்று கூச்சல் எழும். எதிர்க்கடைத் தொலைக்காட்சியிலோ பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடி வரத் தொடங்கியிருப்பார். கைப்பேசியில் பார்க்கும் பையனுக்கு விக்கெட் விழ இன்னும் பல வினாடிகள் ஆகும். மூன்று திரையிலும் எழுதியிருப்பது ‘நேரலை’ என்றுதான்!

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒளிபரப்புச் செயற்கைக்கோள் நமக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலை ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர். வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 0.24 வினாடி ஆகிவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பவும் வீட்டில் விரிக்கவும் மேலும் சில வினாடிகள். இவை தவிர்க்க முடியாத தாமதங்கள். ஆனால் வேண்டுமென்றே சேர்க்கும் தாமதம் ஒன்றும் உண்டு. அதைப்பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

நேரடி நிகழ்ச்சியில் ஒருவர் சொல்லத்தகாத சொல்லைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? நிகழ்ச்சியைச் சில வினாடி பிடித்து வைத்து அனுப்பினால், அதற்குள் அச்சொல்லை நீக்கிவிடலாம். பழைய வானொலி நிலையங்கள் இதை ஒலிநாடாவைக் கொண்டே செய்தன. நாடா வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது; 7 வினாடித் தாமதம் வேண்டும். அப்படியானால் பதிவு செய்யும் முனைக்கும் ஒலிக்கும் முனைக்கும் இடையே 133 சென்டிமீட்டர் நாடா இருக்க வேண்டும், அவ்வளவுதான்!

இன்று நாடாவின் இடத்தில் நினைவகச் சில்லு வந்துவிட்டது. இராட்டினம்போல் சுற்றிச் சுற்றி எழுதும் நினைவகம் அது. படித்து முடித்த பழைய இடத்தின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். ஒரு படத்தில் 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், வினாடிக்கு 25 படம் என்று வைத்துக்கொண்டு 7 வினாடிக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 109 கோடி பைட் வரும். ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்த மறந்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும்.

பொத்தானை அழுத்தினால் வானொலிக் கருவி அந்த 7 வினாடியைத் தாண்டி நிகழ்காலத்துக்குக் குதிக்கும். இப்போது கையிருப்பு பூஜ்யம். அடுத்த தவறான சொல் வந்தால் தடுக்க வழியில்லை. ஆகவே கருவி, பேச்சின் இடைவெளிகளைக் கேட்பவருக்குத் தெரியாதபடி சிறிது சிறிதாக நீட்டி, மறுபடியும் 7 வினாடியைச் சேர்த்துக்கொள்ளும். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

பொத்தான் மேல் விரல் வைத்திருப்பவர் ஒரு மனிதர். விளக்கைக் கண்டவுடன் அழுத்தக் கால் வினாடி போதும். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கேட்டு, புரிந்துகொண்டு, வெட்டலாமா என்று தீர்மானிக்கப் பல வினாடிகள் வேண்டும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலின்போது, கமாண்டோ வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சிகள் உடனுக்குடன் காட்டின. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டனர். 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, இத்தகைய நடவடிக்கைகளின் நேரலையே தடை செய்யப்பட்டது. இதில் எனக்கு மறுப்பு இல்லை. உயிர்கள் ஆபத்தில் இருக்கும்போது 7 வினாடி எந்த மூலைக்கு?

ஆனால் 2014 பிப்ரவரி 18 அன்று நடந்ததைப் பாருங்கள். மக்களவையில் தெலங்கானா மசோதா நிறைவேறிய நேரத்தில் நேரடி ஒளிபரப்பு நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லப்பட்டது. வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. திரைமுன் இருந்தவருக்கு எது உண்மை என்று எப்படித் தெரியும்?

உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுகளை 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையில் காட்டத் தொடங்கியது. நீதிமன்ற நேரலைக்கான மாதிரி விதிகளில் பத்து நிமிடத் தாமதம் என்று எழுத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடம் அதிகம்தான். ஆயினும் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். அதனால் நான் ஏற்கிறேன். மற்ற ஒளிபரப்பாளர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். ‘நேரலை’ என்ற சொல்லின் பக்கத்தில் ‘7 வினாடி’ என்று போடட்டும். வெட்டிய இடத்தில் வெட்டியதற்கு ஓர் அடையாளம் காட்டட்டும்.

“நாமே அளந்துகொள்ளலாமே, சார்!” என்பீர்கள். செய்திச் சேனலின் திரைக் கடிகாரத்தையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து, நிமிடம் மாறும் கணத்தை ஒப்பிடுங்கள். வரும் வழியில் ஏற்பட்ட தாமதம் கிடைத்துவிடும். ஆனால் திரைக் கடிகாரத்தைத் தாமதக் கருவியைக் கடந்த பிறகு படத்தில் சேர்த்திருந்தால், அந்த 7 வினாடி உங்கள் கணக்கில் வரவே வராது. அதை அறிந்தவர் நிலையத்தில் அந்தக் கருவியின் முன் அமர்ந்திருப்பவர் ஒருவரே.