முப்பது நாளில் சதுரங்கம்?

முப்பது நாளில் இந்தி, முப்பது நாளில் கன்னடம் என்று புத்தகங்கள் விற்பதைக் கண்டிருக்கின்றோம். முப்பது நாளில் சதுரங்கம் என்று ஒன்று வெளிவந்தால் நம் மன்றத்துத் தோழர்கள் ஆளுக்கொன்று வாங்கிவிடுவார்கள். நானும் வாங்குவேன்; வாங்கிய பின்னும் தோற்பேன்!

தோற்ற கதையைத்தான் சொல்ல வந்தேன். 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில், பதினெட்டே வயதான சென்னைச் செல்வர் குகேஷ், சீனத்தின் டிங் லிரனை 7½ - 6½ என்று வென்று உலக வாகை சூடினார். அன்று பெங்களூரில் நம் விடுதித் தாழ்வாரம் பட்ட பாட்டை என்னென்பது! பறை இல்லாத குறைக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் முழங்கின. "சதுரங்கம் தமிழன் குருதியில் ஊறியதடா!" என்றார் ஒரு நண்பர். கைதட்டினோம். அந்த வாரமே சிக்பேட்டைக்குப் போய் நான்கு பலகைகள் வாங்கி வந்தோம்.

இரண்டு திங்கள் கழித்து விடுதிகளுக்கிடையே போட்டி. மன்றத்தின் சார்பில் சென்றவர் ஐவர். முதற் சுற்றிலேயே திரும்பி வந்தவரும் ஐவர்! என் ராணி பதினான்காம் நகர்த்தலில் வீழ்ந்தாள். எதிராளியின் குதிரை ஒரே பாய்ச்சலில் என் ராஜாவுக்குச் செக் வைத்தது. அதே இடத்திலிருந்து ராணியையும் தாக்கியது. ராஜாவை நகர்த்தினேன், ராணி போயிற்று. குருதியில் ஊறிய கலை அந்த நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

உழைக்காமலா போனோம்? உழைத்தோம் ஐயா, உழைத்தோம். சிசிலியன் தொடக்கம் என்ன, ராணிப் பக்கச் சூதாட்டம் என்ன, பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை மந்திரம்போல் உருப்போட்டோம். இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டங்கள். ஒன்று தோற்றால் அடுத்தது. அதிலும் தோற்றால் அதற்கும் அடுத்தது. தோற்ற ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தோமா? இல்லை. பார்த்தாலும், கணினி எந்திரம் "இது பிழை" என்று சிவப்பில் காட்டியதும் தலையாட்டிவிட்டு நகர்ந்தோம். எதிராளி உருப்போட்ட வரிசையை விட்டு மூன்றாம் நகர்த்தலிலேயே விலகியபோது, எங்கள் மந்திரமும் அங்கேயே முடிந்தது.

எனக்கு வழி காட்டியவன் பதினொரு வயதுச் சிறுவன். விடுதிச் சமையற்காரரின் மகன். பள்ளி விட்டதும் உணவுக்கூடத்து மூலையில் பலகையோடு அமர்ந்திருப்பான். கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தன் ஒவ்வோர் ஆட்டத்தின் நகர்த்தலையும் எழுதுவான். தோற்ற ஆட்டத்தின் மேல் மட்டும் சிறு வட்டம் போடுவான். அவனிடம் நான் தொடர்ந்து நான்கு முறை தோற்றேன். நான்காம் முறை, நான் தவறான காயைத் தொடப் போகையில், "இன்னொந்து சல நோடி, அண்ணா" என்றான். இன்னொரு முறை பாருங்கள் என்றான்! அதைவிடச் சுருக்கமாக எந்தப் பயிற்சி நூல் சொல்லும்?

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகின்றேன். தொடக்க நிலையில் உள்ளவன் விரைந்து முன்னேற முடியும். ஆனால் விரைந்து ஆடுவதால் அன்று. நம்மைப் போன்றவர்களின் ஆட்டங்கள் ஆழ்ந்த தந்திரத்தால் முடிவதில்லை. காவலின்றி விட்ட குதிரை, கவனியாமல் விட்ட செக், இவற்றால் முடிகின்றன. உலக வாகைப் போட்டியிலேயே என்ன நடந்தது? பதினான்காம் ஆட்டத்தில், சமனாக முடியவேண்டிய நிலையில், 55ஆம் நகர்த்தலில் டிங் லிரன் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டுப் போயின. எஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷின் கைக்கு வந்துவிட்டது. அவருக்கே அப்படியென்றால் நமக்குச் சொல்லவும் வேண்டுமா?

அப்படியானால் வல்லவனின் கண் எதைப் பார்க்கிறது? 1973இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டத்து நிலை ஒன்றை ஐந்து நொடி காட்டி மறைத்தார்கள். வல்லுநர் பெரும்பாலான காய்களை இடம் மாறாமல் வைத்தார். கற்றுக்குட்டி சிலவற்றையே வைத்தான். அடுத்து, காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். வல்லுநரின் பெருமை கரைந்தது. கற்றுக்குட்டியோடு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டார்! வல்லுநரின் மூளை பிறவியிலேயே பெரிய பெட்டகம் அன்று. பழகிய அமைப்புகள் ஆயிரமாயிரமாய் அதில் பதிந்திருக்கின்றன, அவ்வளவே. அப்படிப் பதிய வேண்டுமானால், கண் ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? மூன்று நிமிட ஆட்டத்தில் எங்கே நிற்கிறது?

"ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடியவர்தானே?" என்று மடக்குவார் நம் நண்பர். நல்ல கேள்வி. 1972இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் போன்றோரின் நிழலில், சிறுவன் ஆனந்த் விரைவாட்டம் ஆடித் தீர்த்தது உண்மை. ஆனால் அங்கே தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். நின்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் தோற்பவன் எழுவதே இல்லையே! இன்னொன்றும் உண்டு. ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அன்னை. பின்னர்க் குடும்பம் மணிலாவில் வாழ்ந்த நாளில், மகன் பள்ளியில் இருக்கும்போது தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிரை அந்த அம்மையார் குறித்து வைப்பார். மாலையில் மகன் விடை காண்பான். பரிசாகப் புத்தகம் வரும். அந்த மின்னலுக்குப் பின்னால் ஒரு தாயின் குறிப்பேடு இருந்தது, நண்பர்களே!

குகேஷ் ஏழு வயதில் தொடங்கினார். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில், கிராண்ட் மாஸ்டர் ஆனார். இதைவிட விரைவு எது? அவருக்குப் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னாவோ, பல ஆண்டுகள் கணினி எந்திரத்தை அண்டவிடாமலே அவரை வளர்த்தார். முதலில் நீ எண்ணு என்பதுதான் அந்த முறை.

இங்கே என் வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் இயற்பியல் முதுகலை மாணவன். கணக்கைக் கைப்பேசியிடம் காட்டினால் விடை வந்து விழுகின்ற காலம் இது. சென்ற பருவம் முழுதும் அப்படியே விழச் செய்தேன். விடைத்தாள்கள் அழகாக அமைந்தன. வாய்மொழித் தேர்வில், நான் எழுதிக் கொடுத்த சமன்பாட்டின் இரண்டாம் வரி முதல் வரியிலிருந்து எப்படி வந்தது என்று கேட்டார்கள். வாய் திறக்கவில்லை எனக்கு. பதினான்காம் நகர்த்தலில் ராணி விழுந்தபோது இருந்த அதே வெறுமை! அன்றிரவு அந்தச் சிறுவனின் நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

குருதிப் பேச்சுக்கு வருகின்றேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், முதலில் நம் நாட்டு முறையில் ஆடப் பழகியவர். ஐரோப்பிய விதிகளைப் பின்னரே கற்றார். தொடக்க நூல்களில் தேர்ச்சி இல்லாமலே 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகை சூடினார். ஹேஸ்டிங்ஸ் நகரில் காப்பபிளாங்காவையே வீழ்த்தினார். அவர் தமிழரா? நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலே, மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 64 கட்டங்களையும் குதிரை ஒருமுறை மட்டும் தொட்டு வரும் புதிரில் மூழ்கிக் கிடந்தார். அவர் கன்னட நாட்டார். சென்னை பெற்றிருப்பது கழகங்களை; பள்ளிகளில் நடக்கும் வகுப்புகளை; மாலைதோறும் பிள்ளையை அழைத்துச் சென்று வாயிலில் காத்திருந்த தாய் தந்தையரை. அதில் பெருமை கொள்வோம். குருதியைச் சொல்லிச் சோம்பியிருப்பதில் என்ன பெருமை?

நான் இப்போது செய்வது மிக எளிது. நாள்தோறும் அரைமணி, இரண்டு நகர்த்தலில் முடியும் புதிர்கள். காய்களை மனத்திலேயே நகர்த்த வேண்டும், கை தொடக்கூடாது. வாரத்திற்கு மூன்று ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரு மணிக்குக் குறையாமல். காயைத் தொடுமுன், எதிராளி எனக்கு எங்கே செக் வைப்பான், எதை வெட்டுவான் என்று பார்க்கிறேன். ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் எஞ்சினால் வெல்வது எப்படி என்பதைத் தனியே பயின்றேன். தோற்ற ஆட்டத்திற்கு வட்டம். முதலில் நானே பிழை தேடுவேன், மறுநாள்தான் எந்திரத்திடம் கேட்பேன். மூன்று திங்களில், நோட்டுப் புத்தகக்காரனிடம் பத்துக்கு மூன்று வெல்கிறேன். மீதி ஏழில் அவன் என்னைச் சிரிக்கிறான் என்பதையும் மறைக்கவில்லை.

மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு மேடை ஏறும் பட்டிமன்றத்தில் ஒன்றைக் குறைத்தாலும் குறையட்டும். ஞாயிறு மாலைகளில் உணவுக்கூடத்தின் இரண்டு மேசைகளை நமக்குக் கேட்டுப் பெறுங்கள். கைப்பேசிகள் வாயிலில் ஒரு கூடையில் இருக்கட்டும். கன்னடத் தோழர்களையும் அழைப்போம். ஒவ்வொருவரும் தாம் தோற்ற ஆட்டம் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும். முதல் ஞாயிறு, என் பதினான்கு நகர்த்தலையும் நானே பலகையில் வைத்துக் காட்டுகின்றேன்.