குமாஸ்தா தலையில் பழி போடலாமா?

பெங்களூரில் இன்று கல்யாண மண்டபத்துக்கு வெப்சைட் இருக்கிறது. நர்சிங் ஹோமுக்கு இருக்கிறது. சிவாஜி நகர்க் கடைக்கும், பீனியாவில் இயந்திர உதிரிப் பாகம் செய்யும் பட்டறைக்கும் இருக்கிறது. யாரோ ஒரு இளைஞர் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதன் பிறகு தினமும் காலையில் அதைத் திறந்து, யார் யார் என்ன விசாரித்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பதில் போடுவது ஆபீஸ் குமாஸ்தாவின் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் தமிழர்களும் பலர். ஒரு நாள் அந்த வெப்சைட்டைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது, அல்லது வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் வெளியே போய்விட்டன என்றால் முதலில் கூப்பிட்டு விசாரிக்கப்படுபவரும் அவர்தான். "எதையாவது தொட்டுத் தொலைத்தாயா?" என்பதுதான் முதல் கேள்வி.

பல சந்தர்ப்பங்களில் அவர் தொடக்கூடாத எதையும் தொட்டிருக்கமாட்டார். தன் வேலையைச் செய்திருப்பார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் துறையினர் 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று சொல்லும் கோளாறு இது. பெயர்தான் பெரிது; விஷயம் எளிது. ஒரு ஆபீசில் வரும் மனுக்களை உரக்கப் படிப்பதற்கு ஒரு சிப்பந்தியை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மனுவில் "கதவைத் திற" என்று எழுதியிருந்தால் அவர் அதைப் படித்துவிட்டு உட்காரவேண்டும். படிப்பதை விட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? வெப்சைட்டில் பெயரும் விலாசமும் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கிறது. திருடன் அதில் பெயருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குரிய ஒரு கட்டளையை எழுதி அனுப்புகிறான். வருவது பெயரா, கட்டளையா என்று சோதித்து, கட்டளையைச் செயலற்றதாக்குவது வெப்சைட்டின் கடமை. சோதிக்காமல் அப்படியே சேர்த்து வைத்துக்கொண்டால், மறுநாள் குமாஸ்தா பட்டியலைத் திறந்த மாத்திரத்தில், அது அவருடைய அதிகாரத்திலேயே நிறைவேறிவிடுகிறது. அவர் கண்ணில் எதுவும் படாது. ஆனால் அவர் பெயரில் ஒரு புதிய நிர்வாகி உள்ளே சேர்க்கப்பட்டிருப்பான்.

இது புதிதாக முளைத்த வியாதியும் அல்ல. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'சர்ட்' மையம் 2000-ம் ஆண்டு பிப்ரவரியிலேயே இதுபற்றி எச்சரித்தது. பெங்களூரில் ஒரு காலத்தில் பிரௌசிங் சென்டர்களுக்குப் போய்வந்தவர்களுக்கு 'ஆர்குட்' நினைவிருக்கும். கூகுளின் பெங்களூர் ஆபீசுக்கும் அதன் நிர்வாகத்தில் பங்கு இருந்தது. 2008-ல்தான் பொறுப்பு முழுவதும் பிரேசிலுக்குப் போயிற்று. 2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை அன்று ஆர்குட்டில் போர்த்துக்கீசிய மொழியில் "நல்ல சனிக்கிழமை" என்ற ஒரு செய்தி பரவியது. அதைப் பார்த்தவரின் கணக்கிலிருந்தே அவருடைய நண்பர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பிரேசிலிலும் இந்தியாவிலும் ஏராளமானோர் சிக்கினார்கள். அன்று கெட்டது பொழுதுபோக்கு. இன்று இதனால் கெடுவது ஒரு கடையின் வியாபாரமும் அங்கே வேலை பார்ப்பவரின் நல்ல பெயரும்.

உலகிலுள்ள வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் 'வேர்ட்பிரஸ்' என்ற அமைப்பில் நடக்கின்றன. அதன் மீது விசாரணைப் படிவம், விளம்பரப் பலகை, புகைப்பட வரிசை என்று வேண்டியதை ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஒட்டுச் சாமான்களுக்குத்தான் 'பிளகின்' என்று பெயர். பெரும்பாலும் ஓட்டை விழுவது மூல அமைப்பில் அல்ல, இந்தப் பிளகின்களில்தான். 'பாப்அப் பில்டர்' என்ற பிளகினில் இருந்த இத்தகைய ஓட்டை 2023 டிசம்பரில் வெளிப்பட்டது. திருத்தம் வந்துவிட்டது. இருந்தும் 2024 ஜனவரிக்குள் 6,000-க்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளில் திருட்டுக் கட்டளை புகுந்தது. மார்ச்சில் அதே ஓட்டை வழியாக இன்னும் 3,000-க்கும் மேற்பட்டவை விழுந்தன. மருந்து அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

தாமதம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. 'அட்வான்ஸ்டு கஸ்டம் பீல்ட்ஸ்' என்ற பிளகின் 20 லட்சம் வெப்சைட்டுகளில் இருந்தது. 2023 மே மாதம் அதன் கோளாறு பற்றிய விவரம் வெளியானபோது, 24 மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் தொடங்கியதை 'அகாமாய்' நிறுவனம் கண்டறிந்தது. பூட்டை மாற்றச் சொல்லும் அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான் அல்லவா?

ஆயுத பூஜையன்று பெங்களூரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டும் பூவும் இருக்கும். வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத முதலாளிகள், வெப்சைட்டின் பராமரிப்புக்கு என்று வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்களா? அமைத்துக் கொடுத்தவரின் போன் நம்பராவது கைவசம் இருக்கிறதா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, பிறருடைய விவரங்களைச் சேகரிக்கும் நிறுவனமே அவற்றுக்குப் பொறுப்பு. வேலையை வெளியாரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு நீங்காது. பாதுகாப்பில் அசட்டையாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. மத்திய அரசின் 'சர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவும் இருக்கிறது. வெப்சைட்டில் அந்நியக் கட்டளை புகுந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது அந்த உத்தரவு. இதை எத்தனை சிறு கடைக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்? எச்சரிக்கைக் குறிப்புகள் கம்ப்யூட்டர் நிபுணர்களின் ஆங்கிலத்தில் வருகின்றன. நாட்டிலேயே முதல் சைபர் குற்றப் போலீஸ் நிலையத்தை 2001-ல் திறந்த ஊர் பெங்களூர். அந்தப் பெருமைக்கு ஏற்ப, முக்கியமான எச்சரிக்கைகளை எளிய கன்னடத்திலும், இங்குள்ளோர் பேசும் தமிழ், உருது, தெலுங்கிலும் வர்த்தக சங்கங்களுக்கு அனுப்பக் கர்நாடக அரசு ஏற்பாடு செய்யவேண்டும்.

முதலாளிகள் செய்யவேண்டியது அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. வெப்சைட் அமைக்கும்போதே, திருத்தம் வந்தவுடன் போடுவது யார், அதற்கு மாதம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். பயன்படாத பிளகின்களை எடுத்துவிடவேண்டும். குமாஸ்தாவிடம் நிர்வாகியின் முழு அதிகாரமும் உள்ள பாஸ்வேர்டைக் கொடுத்துவைப்பதுதான் பெரிய தவறு. விசாரணைகளைப் படித்துப் பதில் எழுதுகிறவருக்கு அந்த அளவுக்கு மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு போதும். அப்போது அவர் பெயரில் புகும் கட்டளையால் புதிய நிர்வாகியைச் சேர்க்க முடியாது. சேர்ந்தால், அது அவர் கணக்கிலிருந்து நடக்கவில்லை என்பதை ஆபீஸ் பதிவேடே காட்டிவிடும்.