மின்பணியில் உயிர்காக்கும் சொல்

மின்னோடும் கம்பியும் மின்னோடாக் கம்பியும் பார்வைக்கு ஒன்றே. இவ்வொப்புமையே உயரழுத்த மின்பணியில் உயிர்கொல்லும் முதற்பகை. 11,000 வோல்ட்டும் 33,000 வோல்ட்டும் 1,10,000 வோல்ட்டும் ஆளப்படும் துணைமின் நிலையங்களில், மின்னை இணைக்கவும் துண்டிக்கவும் அமைந்த கருவிகளைத் துடைத்தும் முடுக்கியும் பழுதுநீக்கியும் பேணுகின்ற பணியாளர், அவ்வேறுபாட்டைக் கண்ணால் அறியார். ஒருவர் எழுதித் தந்த தாளாலும், ஒருவர் சொல்லிய சொல்லாலும், கருவி காட்டும் குறியாலுமே அறிகின்றனர். ஆகலின், அச்சொல் எம்மொழிச் சொல் என்னும் வினா மொழிப்பற்றாளர்க்கு மட்டும் உரியதன்று. அஃது உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய வினாவாம்.

பேணற்பணி தொடங்குமுன் செய்தற்குரிய ஒழுங்கு ஐந்து படிகளைக் கொண்டது.

முதலாவது, பணியாளர் ‘பிரேக்கர்’ என வழங்கும் மின்முறிப்பானால் ஓட்டத்தைத் துண்டித்தல்.

இரண்டாவது, ‘ஐசொலேட்டர்’ எனப்படும் பிரிப்பான்களை இருபுறமும் விலக்கிக் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியை உண்டாக்குதல். இவ்விரண்டும் முறைமாறுதல் ஆகாது. துண்டிக்கும்போது எழும் தீப்பிழம்பாகிய மின்வில்லை அவிக்கும் அமைப்பு மின்முறிப்பானுக்கு உண்டு, பிரிப்பானுக்கு இல்லை. சுமை ஓடும்போதே பிரிப்பானை விலக்கினால் எழும் மின்வில்லின் வெப்பம் ஏறத்தாழ 20,000 செல்சியசு பாகை வரை ஏறக்கூடும். கதிரவனின் மேற்பரப்பு வெப்பத்தினும் அது மும்மடங்கு மிக்கது.

மூன்றாவது, விலக்கியதை எவரும் மீண்டும் இணையாதவாறு பூட்டி, எச்சரிக்கைத் தகட்டைத் தொங்கவிடுதல்.

நான்காவது, ஆய்கருவி கொண்டு மின்னின்மையை மெய்ப்பித்தல். அக்கருவி பழுதின்றி உள்ளதா என்பதை ஆய்வுக்கு முன்னும் பின்னும் சரிபார்த்தல்.

ஐந்தாவது, பணியிடத்தின் இருபுறமும் கம்பியை நிலத்தோடு பிணைத்தல். நிலத்து முனையை முதலிற் கட்டிக் கம்பி முனையைப் பின்னர் மாட்டுதல் வேண்டும். கழற்றும்போது கம்பி முனையே முதலாவது.

இவ்வைந்தும் முடிந்த பின்னரே, ‘லைன் கிளியர்’ என வழங்கும் பணியிசைவுத் தாள் கைம்மாறுதல் வேண்டும்.

“துண்டித்தாயிற்றே, நிலப்பிணைப்பு எதற்கு?” என வினவுவாரும் உளர். ஊரின் ஒரு மூலையில் ஒரு திருமணக் கூடத்தின் மின்னாக்கி, முறையான மாற்றிணைப்புக் கருவியின்றி இயங்குமாயின், அதன் தாழழுத்த மின் மின்மாற்றியின் வழியே பின்னேறி 11,000 வோல்ட்டாகக் கம்பிக்கு வந்துசேரும். அருகில் இணையாகச் செல்லும் பிறிதொரு கம்பியின் தூண்டலாலும் மின்னழுத்தம் தோன்றும். மின்தேக்கிகள் துண்டித்த பின்னும் சிறிதுநேரம் மின்னைத் தாங்கி நிற்கும். நிலப்பிணைப்பு ஒன்றே இவற்றினின்று பணியாளரைக் காக்கும் கடைசி வேலி.

கருவிக்குள்ளும் வேறு இடர்கள் உள. மின்முறிப்பானை இயக்கும் சுருள்வில், மின் நின்ற பின்னும் இறுகியே இருக்கும். அதனைத் தளர்த்தாது உள்ளே விட்ட கையை அது நசுக்கும். மின்வில்லை அவிக்கப் பயன்படும் எசு.எஃப்.6 வளி, காற்றினும் ஏறத்தாழ ஐம்மடங்கு எடைமிக்கது. கசிந்தால் கம்பிவடப் பள்ளங்களில் தேங்கி மூச்சுக்காற்றை விலக்கும். மின்வில் பட்டுச் சிதைந்தால் நச்சுப்பொருள்களையும் தோற்றுவிக்கும். இவற்றையெல்லாம் உரைக்கும் கையேடுகளும், கருவிமேல் ஒட்டிய குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கருவியைத் திறப்பவர் ஒருவர். கையேட்டைப் படிக்க வல்லார் பிறிதொருவர்.

சட்டம் இவ்வுண்மையைப் பாதியளவு உணர்ந்துள்ளது. மின்நிலையங்களில் மண்டையோட்டுக் குறியுடன் அமையும் எச்சரிக்கைப் பலகையில், இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அவ்வட்டார மொழியும் இருத்தல் வேண்டுமென 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்விதிகள் பணித்தன. 2010-இல் வகுத்த ஒழுங்குமுறைகளும் அவ்வாறே கூறின. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டமும் அதே 1956-ஆம் ஆண்டினதே. ஆயின், வேலிக்கு வெளியே செல்லும் வழிப்போக்கருக்கு வேண்டும் என்று கண்ட தாய்மொழி, வேலிக்குள் சென்று கைவைப்பவருக்கு வேண்டாவோ?

எனினும், ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தல் தமிழாக்கம் ஆகாது. அஃது அதனினும் பெரிய இடர். ஆங்கிலத்தார் மின்சுற்றைத் துண்டிப்பதைத் ‘திறத்தல்’ என்றும், இணைப்பதை ‘மூடுதல்’ என்றும் பொருள்படக் கூறுவர். தமிழர் பட்டறிவோ இதற்கு நேர்மாறானது. குழாயைத் திறந்தால் நீர் வரும், மூடினால் நிற்கும். மதகும் அவ்வாறே. அப்பட்டறிவோடு வரும் புதிய பணியாளரிடம் ‘மின்முறிப்பானைத் திற’ என்றால், மின்னை ஓடவிடுமாறு கூறியதாகவே அவர் கொள்ளக்கூடும். ‘போடு’ என்னும் சொல்லும் அத்தகையதே. ‘சுவிட்சைப் போடு’ என்றால் மின்னை விடுதல்; ‘எர்த்தைப் போடு’ என்றால் மின்னினின்று காத்தல். ‘இணை’, ‘துண்டி’, ‘பிணை’ எனத் தொழிலிலிருந்தே பிறந்த சொற்கள் ஐயத்திற்கு இடந்தாரா.

“பழகிய சொல்லை மாற்றினால் குழப்பமே மிகும்” என்பார் கூற்றையும் தள்ளிவிடல் இயலாது. ஆதலின் மாற்றம் ஒழுங்குடன் நிகழ்தல் வேண்டும். பணியாளர் நாவிற் பழகிய சொல்லும் தமிழ்ச்சொல்லும் ஒரே தகட்டில், தமிழெழுத்தில், சில காலம் அருகருகே நிற்கட்டும். நிலையத்திற்கு நிலையம் சொல் மாறுதல் கூடாது. பணியிசைவுத் தாள் தமிழில் அமைதல் வேண்டும். அதனைப் பெறுபவர் உரக்கப் படித்து, எவ்வெவை துண்டிக்கப்பட்டன, எங்கெங்கே நிலப்பிணைப்பு உள்ளது என மீளச் சொன்ன பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்க்கும் இவ்வுரிமை உண்டு.

வள்ளுவர் பொச்சாவாமை என்றே ஒரு பகுதி வகுத்தார். இருபதாண்டு பழகிய கையே ஒருநாள் ஒரு படியை மறக்கும். அம்மறதியைத் தடுக்கவே தாளும் தகடும் வேண்டப்பட்டன. அவை படிப்பவர்க்கு விளங்காவிடின் இருந்தும் பயனில்லை. இதற்குப் பெரும்பொருட்செலவும் வேண்டா. பொறியாளரும் பணியாளரும் தமிழறிஞரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு சொற்பட்டியலையும் ஒரு படிவத்தையும் ஆக்கித் தருதலே முதற்பணி. அதனைக் காலந்தாழ்த்தாது செய்தல் ஆள்வோர் கடன். செய்யுமாறு வற்புறுத்தல் தமிழர் கடன்.