குற்றம் யாருடைய இங்கிலீஷில்?

ஒரு காரியாலயத்தில் நடந்த விஷயம். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே வேலை பார்த்த ஒரு பெண், கையெழுத்து வாங்குவதற்காக ஃபைலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் இல்லை. மறுநாள் ஃபைலின் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்து அனுப்பினாள்: 'ஐ மிஸ்ட் யூ யெஸ்டர்டே. ப்ளீஸ் ஸைன்.' நேற்று வந்தேன், உங்களைப் பார்க்க முடியவில்லை, கையெழுத்துப் போடுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஃபைல் நாலு மேஜை தாண்டுவதற்குள், அவரைக் காணாமல் அவள் ஏங்கித் தவித்ததாகக் கதை கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள்.

இதை எனக்குச் சொன்ன நண்பர், "இங்கிலீஷ் சரியாகத் தெரியாவிட்டால் இப்படித்தான் ஸார்" என்று முடித்தார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கிலீஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரயிலைத் தவறவிட்டாலும், தேடிப் போன ஆளைக் காணாமல் திரும்பினாலும், பிரிவில் வாடினாலும் அந்தப் பாஷையில் ஒரே வினைச்சொல்தான். சிரித்தவர்களுக்குத் தெரிந்தது மூன்றாவது அர்த்தம் மட்டும். அதையும் சினிமாவில் கற்றுக்கொண்டார்கள்.

ஜாக்கிரதையாக எழுதியிருக்கலாமே என்பார்கள். எவ்வளவு ஜாக்கிரதை? ஜேன் ஆஸ்டினைக் காட்டிலுமா? 1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா' நாவலில், ஓடும் வண்டிக்குள் ஒரு மதகுரு கதாநாயகியிடம் 'மேக்கிங் லவ்' செய்வதாக அந்த அம்மாள் எழுதியிருக்கிறாள். வாய்வார்த்தையால் காதலைச் சொன்னான் என்பதே அன்றைய அர்த்தம். இன்று வகுப்பில் அந்த இடம் வந்தால் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இங்கிலாந்தின் மில் ஊர்களில், விடியுமுன் நீண்ட கழியால் ஜன்னலைத் தட்டித் தொழிலாளரை எழுப்பக் கூலிக்கு ஆள் இருந்தான். அவன் செய்த வேலைக்கு 'நாக் அப்' என்று பெயர். அமெரிக்கக் கொச்சையில் அதே சொல்லுக்குப் பெண்ணைக் கர்ப்பிணியாக்குவது என்று பொருள். இவ்வளவு ஏன், 1950இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் பகுதியின் தலைப்பிலேயே, வியாபாரத்துக்கும் வாணிபத்துக்கும் அடுத்தபடியாக 'இன்டர்கோர்ஸ்' என்ற சொல் இருக்கிறது. மாகாணத்துக்கு மாகாணம் ஜனங்கள் போய்வந்து புழங்குவது என்று பொருள். சட்டம் எழுதிய மேதைகளுக்கும் இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிடலாமா?

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எந்தப் பாஷைக்கும் குறையல்ல. இதற்கு வழி சொல்லத் தொல்காப்பியரே போதும். பலபொருள் ஒருசொல் வந்தால், அதனோடு வந்த வினை, அதன் இனம், அதன் சார்பு இவற்றைக் கொண்டு பொருளைத் தெளிந்துகொள் என்கிறார். நம் மூத்த இலக்கணத்திலேயே இருக்கிற பாடம் இது.

சார்பு பார்ப்பது என்றால் எல்லோரையும் மன்னித்துவிடுவது என்று அர்த்தமில்லை. வேலை முடிந்த பிறகும் பெண்ணை நிறுத்திவைத்து, "ஒரு காபி சாப்பிடலாமா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்கிற அதிகாரி, "காபி என்றால் காபிதானே!" என்று பின்னால் தப்பிக்கப் பார்ப்பார். வார்த்தையை மட்டும் பார்த்தால் அவர் நிரபராதி. நேரம், இடம், கேட்டவருடைய அதிகாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வார். குற்றவாளியைப் பிடிக்கிற இதே அளவுகோல்தான் அந்தப் பெண்ணையும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

சீட்டு ஃபைலின் மேல் இருந்தது. கையெழுத்துப் போடுங்கள் என்ற வார்த்தை பக்கத்திலேயே இருந்தது. அதைப் படிக்காதவர்கள் அந்தக் காரியாலயத்தில் இன்னும் உத்தியோகம் பார்க்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லவில்லை.